நிழலில் வளரும் மலை டெய்சிகள்: அறிகுறியை வைத்துக் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

லிகுலேரியா, ஃபார்ஃபூஜியம், டொரோனிக்கம், சைனிலெசிஸ், பெட்டசைட்டீஸ், கிரெமாந்தோடியம். சூரியகாந்தியும் டெய்சியும் இருக்கும் அதே ஆஸ்டரேசியே குடும்பத்துச் செடிகள்தான் இவை, ஆனால் உச்சிவெயில் இவற்றுக்கு ஆகாது. மலைச்சரிவின் ஈரப் புல்வெளியிலும் ஓடைக்கரையிலும் காட்டின் ஓரத்திலும் வளர்ந்து பழகியவை. அந்த இடங்களில் நிழலோடு சேர்த்துக் குளிர்ந்த மண், வற்றாத ஈரம், இரவானால் நன்றாக இறங்கும் வெப்பநிலை எல்லாம் கிடைக்கும். தோட்டத்தில் வைக்கும்போது நாம் நிழலை மட்டும் பார்த்து இடம் தேர்ந்தெடுக்கிறோம். மற்றவை கணக்கில் வருவதில்லை. இந்தச் செடிகளுக்கு வரும் தொல்லைகளில் பெரும்பகுதி அங்கிருந்துதான் தொடங்குகிறது. நோய், பூச்சி எல்லாம் பெரும்பாலும் அதற்குப் பிறகு வருபவை.

அதனால் எந்த அறிகுறி தெரிந்தாலும் மருந்து தெளிப்பதற்கு முன் இரண்டு சோதனைகளைச் செய்துவிடுங்கள். ஒன்று, செடியின் அடியில் 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு விரலை விட்டு மண் ஈரமா, காய்ந்திருக்கிறதா, சூடா என்று பாருங்கள். மேல்மண்ணை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். இரண்டு, விடியற்காலையில் செடியைப் போய்ப் பாருங்கள். இரவு முழுதும் ஓய்வெடுத்த பிறகு செடி எப்படி நிற்கிறதோ அதுதான் அதன் உண்மையான நிலை.

மதியம் துவண்டு விழுகிறது, மாலையில் நிமிர்ந்துவிடுகிறது

லிகுலேரியா வளர்ப்பவர்கள் எல்லோரும் முதலில் பயப்படுவது இதற்குத்தான். காலையில் அழகாக விரிந்திருந்த இலைகள் நண்பகலில் ஈரத்துணி போலத் தொங்கும். உடனே ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றத் தோன்றும். ஊற்றாதீர்கள். முதலில் விரலை விட்டுப் பாருங்கள்.

மண் ஈரமாக இருந்தால் செடிக்குத் தண்ணீர்ப் பஞ்சம் கிடையாது. லிகுலேரியா டென்டேட்டாவின் இலை 30 சென்டிமீட்டருக்கும் மேல் அகலமாக வளரும். அவ்வளவு பெரிய பரப்பிலிருந்து வெயிலில் ஆவியாகும் நீரின் வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடிவதில்லை. ஓடைக்குள்ளேயே நட்டிருந்தாலும் உச்சிவெயில் பட்டால் துவளும். இலை தொங்கும்போது வெயில் படும் பரப்பு குறைகிறது, வெயில் தணிந்ததும் தானாகவே நிமிர்கிறது. ஆழமாக வெட்டுப்பட்ட இலை கொண்ட லிகுலேரியா பிரிவால்ஸ்கியைகூட இதற்கு விலக்கில்லை. ஏற்கெனவே ஈரமாக இருக்கும் மண்ணில் தினமும் மதியம் தண்ணீர் ஊற்றினால் வேர் அழுகத் தொடங்கும். பிறகு அந்தச் செடி மாலையிலும் நிமிராது.

சரி, அப்படியானால் என்ன செய்வது? தினமும் துவண்டு நிமிர்வது செடியைக் கொல்லாது, ஆனால் பார்ப்பதற்கு நன்றாக இருக்காது, வளர்ச்சியும் குறையும். மதிய வெயிலைத் தடுப்பதுதான் நிரந்தர வழி. காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம் பட்டால் நல்லது, அதற்குப் பிறகு நிழல் வேண்டும். மரமோ சுவரோ இல்லாவிட்டால் கோடையில் மட்டும் 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள். மேற்குப் பார்த்த சுவரின் பக்கத்தில் நட்டிருக்கிறீர்களா என்றும் கவனியுங்கள். நேர் வெயில் படாவிட்டாலும் அந்தச் சுவர் பிற்பகல் முழுதும் வெப்பத்தைக் கக்கிக்கொண்டே இருக்கும். காற்று வீசும் மூலையும் ஆகாது. வறண்ட காற்று இலையிலிருந்து நீரை உறிஞ்சுவதில் வெயிலுக்குச் சளைத்ததில்லை.

அப்புறம் மூடாக்கு. 5 முதல் 7 சென்டிமீட்டர் கனத்துக்கு இலைமட்கோ மரப்பட்டைத் துண்டுகளோ பரப்புங்கள். ஈரத்தைக் காப்பது மட்டுமல்லாமல் மண்ணின் சூட்டையும் இது குறைக்கும். ஆனால் செடியின் குருத்து கிளம்பும் நடுப்பகுதியை மூடிவிடக் கூடாது. அதைச் சுற்றி ஒரு கை அகலம் விட்டுவிடுங்கள்.

விடிந்த பிறகும் துவண்டே கிடக்கிறது

இதுதான் உண்மையான ஆபத்து. மூன்று காரணங்கள் இருக்கலாம். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு என்பதால் மண்ணைத் தோண்டிப் பார்க்காமல் முடிவுக்கு வராதீர்கள்.

மண் காய்ந்திருந்தால் தண்ணீர் போதவில்லை. இது எளிதாகத் தெரிந்தாலும், மரத்தடியில் நட்டவர்கள் பலர் இதில் ஏமாறுகிறார்கள். மரத்தின் கீழ் நிழல் இருக்கும், ஈரம் இருக்காது. மழைநீரில் ஒரு பகுதி இலைகளிலேயே தங்கிவிடும், கீழே விழுவதை மரத்தின் மேல்வேர்கள் இழுத்துக்கொள்ளும். தினமும் கொஞ்சம் தெளிப்பதால் பயனில்லை. வாரத்தில் இரண்டு மூன்று முறை, 20 சென்டிமீட்டர் ஆழம் வரை நனையும்படி நிதானமாக விடுங்கள். தோண்டும் இடமெல்லாம் மரவேராகவே வருகிறது என்றால் லிகுலேரியாவை அங்கே வைத்துப் போராட வேண்டாம் என்பதே என் யோசனை. வறண்ட நிழலைத் தாங்கும் செடிகள் இதே குடும்பத்தில் உண்டு. அப்பலாச்சிய மலைக்காடுகளைச் சேர்ந்த வெள்ளைப் பூ யூரிபியா டிவாரிகேட்டாவும், கிழக்காசியாவின் சைனிலெசிஸும் அந்த இடத்துக்குப் பொருத்தமானவை. சைனிலெசிஸ் வசந்தத்தில் வெள்ளிநிற மென்மயிரோடு மடக்கிய குடை போல முளைத்து வருவதைப் பார்ப்பதற்காகவே அதை வளர்க்கலாம். வேரூன்றச் சில ஆண்டுகள் எடுக்கும், அதுவரை பொறுமை வேண்டும்.

மண் சொதசொதவென்று இருந்து புளித்த நாற்றம் வந்தால் வேரழுகல். ஈரத்தை விரும்பும் செடிதானே என்று வடிகால் இல்லாத குழியில் நட்டால் இப்படி ஆகும். ஓடைக்கரையில் இருப்பது ஓடிக்கொண்டிருக்கும் நீர், அதில் காற்று கலந்திருக்கும். தேங்கிய நீரில் வேருக்கு மூச்சு முட்டும். செடியைத் தோண்டி எடுத்து, பழுப்பாகவும் கொழகொழப்பாகவும் இருக்கும் வேர்களை வெட்டிவிட்டு, வெளிர்நிறமாகக் கெட்டியாக இருப்பதை மட்டும் வைத்து, மட்கும் பருமணலும் கலந்த சற்று உயர்ந்த மேட்டில் நடுங்கள். இலைகளில் பாதியை வெட்டிவிட்டால் மிச்ச வேர் சமாளிக்கும்.

மண்ணின் ஈரமும் சரி, நாற்றமும் இல்லை, ஆனால் செடியைத் தொட்டால் ஆடுகிறது, மெல்ல இழுத்தால் கையோடு வந்துவிடுகிறது என்றால் வேரை ஏதோ தின்றிருக்கிறது. அடுத்த பகுதியைப் பாருங்கள்.

இலை விளிம்பில் அரைவட்ட வெட்டுகள்

டிக்கெட்டில் துளை போட்டது போல விளிம்பு மட்டும் கடிபட்டிருந்தால் அது கொடிக் கூன்வண்டின் வேலை. ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளம், மங்கிய கருப்பு நிறம், முதுகில் மஞ்சள் திட்டுகள், பறக்கத் தெரியாது. இரவில் ஏறி இலையைக் கடிக்கும், பகலில் மூடாக்குக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். ஆண் துணை இல்லாமலே பெண் வண்டு முட்டையிடும் என்பதால் ஒரே ஒரு வண்டு தொட்டிக்குள் வந்தாலும் போதும்.

இலையில் தெரியும் வெட்டு அழகுக்குத்தான் கேடு. உயிருக்குக் கேடு மண்ணுக்குள் இருக்கிறது. உடல் வெள்ளை, தலை பழுப்பு, கால் இல்லாமல் வளைந்து கிடக்கும் புழுக்கள் இலையுதிர்காலத்திலிருந்து வசந்தம் வரை வேரைத் தின்னும். தொட்டிச்செடிகளில்தான் சேதம் அதிகம். வெட்டுகளைக் கண்டவுடன் இரவில் விளக்கோடு போய் வண்டுகளைக் கையால் பிடியுங்கள். கோடை முடிந்து மண்ணில் இன்னும் வெதுவெதுப்பு இருக்கும்போது புழுக்களைக் கொல்லும் நூற்புழுக்களை நீரில் கலந்து ஊற்றுங்கள். ஸ்டெய்னெர்நீமா கிராவுசெய் என்ற வகை மண் 5 டிகிரி செல்சியஸ் வரை குளிர்ந்தாலும் வேலை செய்யும். ஹெட்டெரோராப்டிட்டிஸ் வகைக்கு 12 டிகிரியாவது வேண்டும். மண் ஈரமாக இல்லாவிட்டால் எந்த வகையும் பலன் தராது. தொட்டியில் இருக்கும் செடியை உதறிப் பழைய மண் முழுவதையும் மாற்றிவிடுவது இன்னும் உறுதியான வழி.

இலையின் நடுவில் ஓட்டைகள், வெள்ளிக்கோடுகள்

நத்தைகள், குறிப்பாக ஓடில்லாத நத்தைகள். நிழலும் ஈரமும் மூடாக்கும் நமக்கு வேண்டும், அவற்றுக்கும் அதுதான் வேண்டும். லிகுலேரியாவின் இளங்குருத்து அவற்றுக்கு மிகவும் பிடித்த உணவு. வசந்தத்தில் குருத்து மண்ணைக் கீறி வெளியே வரும் முதல் இரண்டு மூன்று வாரங்கள்தான் முக்கியம். அப்போது குருத்துக்குள் ஒரு கடி பட்டால், இலை விரியும்போது அது பத்து ஓட்டைகளாகத் தெரியும். ஆகவே கோடையில் ஓட்டைகளைப் பார்த்துவிட்டு நடவடிக்கை எடுப்பது காலம் கடந்த செயல்.

குருத்து தெரிவதற்கு முன்பே மூடாக்கைச் செடியிலிருந்து விலக்கிவிடுங்கள். அந்தி சாய்ந்ததும் விளக்கோடு போய்ப் பொறுக்குங்கள். இரும்பு பாஸ்பேட் குருணையை மெல்லியதாகத் தூவலாம். மெட்டால்டிஹைடு குருணை நாய், பூனை, முள்ளெலிகளுக்கு ஆபத்து. பிரிட்டனில் 2022-இல் அதைத் தோட்டங்களில் பயன்படுத்தத் தடை விதித்தார்கள். முட்டையோடு, காப்பித்தூள் வளையம் எல்லாம் மழைக்காலத்தில் நம்பத்தக்கவை இல்லை. நத்தைத் தொல்லை தீராத இடமாக இருந்தால் ஃபார்ஃபூஜியத்துக்கு மாறுங்கள். அதன் இலை தடித்துப் பளபளப்பாக இருப்பதால் முற்றிய பிறகு நத்தைகள் அவ்வளவாகத் தொடுவதில்லை.

விளிம்பு பழுப்பாகிக் கருகுகிறது

ஒரு பக்கத்து இலைகள் மட்டும் கருகியிருந்தால் வெயிலோ காற்றோ அந்தத் திசையிலிருந்து வருகிறது. எல்லா இலைகளிலும் சீராகக் கருகி, மண்ணின் மேல் அல்லது தொட்டியின் விளிம்பில் வெள்ளைப் படிவும் இருந்தால் உப்பு சேர்ந்துவிட்டது. உர அளவு கூடியிருக்கலாம், தண்ணீர் கடினநீராக இருக்கலாம். தொட்டியின் கொள்ளளவைப்போல இரண்டு மூன்று மடங்கு மழைநீரை ஊற்றி அடியில் வடியவிடுங்கள், ஒரு மாதத்துக்கு உரம் வேண்டாம். வெள்ளை விளிம்புள்ள ஃபார்ஃபூஜியம் ‘அர்ஜென்டியம்’ வகையில் வெள்ளைப் பகுதி எப்போதும் முதலில் கருகும். அங்கே பச்சையம் இல்லை, வெயிலைத் தாங்காது. அதை மற்றவற்றைவிட இன்னும் ஆழ்ந்த நிழலில் வையுங்கள்.

வசந்தத்தில் இளம் இலைகள் ஒரே இரவில் கறுத்துத் தொங்கினால் அது பின்பனியால் வந்த சேதம். கறுத்ததை வெட்டிவிடுங்கள், அடியிலிருந்து புதிது வரும்.

மஞ்சள்

எந்த இலை மஞ்சளாகிறது என்று பாருங்கள். அடியிலிருக்கும் முதிர்ந்த இலைகள் முழுதாக மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. வசந்தத்தில் ஒரு கூடை மட்கு போட்டால் சரியாகிவிடும். புதிய இலைகள் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்து வேருக்கு எட்டவில்லை. மண்ணில் இரும்பு இல்லை என்று பொருளில்லை. சுண்ணாம்பு அதிகமுள்ள மண்ணில் அது கரையாமல் கிடக்கும், நீர் தேங்கிய மண்ணிலும் வேரால் எடுக்க முடியாது. கார அமில நிலை (pH) 5.5 முதல் 7 வரை இருந்தால் இந்தச் செடிகளுக்குப் போதும். இலைமட்கு சேர்த்துவாருங்கள், அவசரத்துக்கு, வேர் எடுக்கும்படி கரைந்தே இருக்கும் கீலேட் வடிவ இரும்பை ஊற்றலாம்.

இலை முழுதும் வட்ட வட்டமாக மஞ்சள் புள்ளிகள், செடியோ திடமாக இருக்கிறது என்றால் நீங்கள் வைத்திருப்பது ஃபார்ஃபூஜியம் ‘ஆரியோமாகுலாட்டம்’ வகையாக இருக்கலாம். அந்தப் புள்ளிதான் அதன் அழகு. அதேபோல ‘கிரிஸ்பாட்டா’ வகையின் இலை விளிம்பு சுருண்டு நெளிந்திருக்கும், அதை வைரஸ் நோய் என்று நினைத்துப் பிடுங்கிவிடாதீர்கள்.

வெள்ளைப் பொடி, ஆரஞ்சுப் பொடி

மேற்புறத்தில் வெள்ளைப் பொடி என்றால் சாம்பல் நோய். டொரோனிக்கத்தில் பூ முடிந்த பிறகு அடிக்கடி வரும். வேர் காய்ந்து, மேலே காற்று ஓடாமல் இருக்கும்போது பரவும். பாதித்த இலைகளை அடியோடு வெட்டி அகற்றி வேருக்கு நீர் விட்டாலே புது இலைகள் சுத்தமாக வரும். மருந்து தேவைப்படுவது அரிது. அடிப்புறத்தில் ஆரஞ்சுப் பொடிக் கொப்புளங்கள் என்றால் துரு நோய். இந்தக் குடும்பத்தைத் தாக்கும் கோலியோஸ்போரியம் வகைத் துரு தன் வாழ்க்கையின் ஒரு பகுதியைப் பைன் மர இலைகளில் கழிக்கும். பக்கத்தில் பைன் மரம் இருந்தால் ஆண்டுதோறும் திரும்பி வரலாம். பாதித்த இலைகளை உடனே பறித்து எடுத்துவிடுங்கள், இலைமேல் தண்ணீர் தெளிப்பதையும் நிறுத்துங்கள்.

கருஞ்சிவப்பு இலை பச்சையாகிவிட்டது

‘டெஸ்டிமோனா’, ‘ஒத்தெல்லோ’, ‘பிரிட்-மேரி கிராஃபோர்ட்’ போன்ற கருநிற லிகுலேரியாக்களை இருட்டு மூலையில் வைத்தால் நிறம் மங்கிவிடும். அந்த நிறமி உருவாக வெளிச்சம் வேண்டும். காலை வெயில் படும் இடத்துக்கு மாற்றினால் அடுத்து வரும் இலைகளில் நிறம் திரும்பும், பழைய இலை மாறாது. ‘டெஸ்டிமோனா’வின் இலை முதிரும்போது மேற்புறம் பச்சையாவது இயல்பு, அடிப்புறம் மட்டும் கருஞ்சிவப்பாகவே இருக்கும்.

பூக்கவே இல்லை

முதலில் பருவத்தைப் பாருங்கள். டொரோனிக்கம் வசந்தத்தில் பூக்கும், லிகுலேரியா கோடையின் நடுவிலும் பிற்பகுதியிலும், ஃபார்ஃபூஜியம் இலையுதிர்காலத்திலிருந்து குளிர்கால முன்பகுதி வரை. ஃபார்ஃபூஜியம் கோடையில் பூக்கவில்லை என்று கவலைப்படத் தேவையில்லை. லிகுலேரியா ‘தி ராக்கெட்’ ஒன்றரை மீட்டருக்கும் மேல் உயரும் மஞ்சள் கதிர்களை விடுவதற்கு முன் வேரைப் பெருக்க இரண்டு மூன்று ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும்.

வயதான செடியும் பூக்காவிட்டால் நிழல் அளவுக்கு மீறிவிட்டது, அல்லது தழைச்சத்து உரம் கூடிவிட்டது, அல்லது மொட்டு கட்டும் வாரங்களில் மண் காய்ந்துவிட்டது. நடுப்பகுதி வெறுமையாகி ஓரத்தில் மட்டும் இலை வருகிறது என்றால் கூட்டம் அதிகமாகிவிட்டது. வசந்தத்தில் குருத்து தெரியும்போது தோண்டி, ஒவ்வொரு துண்டிலும் இரண்டு மூன்று குருத்துகளாவது இருக்கும்படி பிரித்து, 60 முதல் 90 சென்டிமீட்டர் இடைவெளியில் நடுங்கள். கோடையில் பிரிக்காதீர்கள்.

செடி முழுதாக மறைந்துவிட்டது

டொரோனிக்கம் ஓரியென்டேல் பூத்து முடிந்ததும், வெப்பம் ஏறும்போது இலைகளை உதிர்த்துவிட்டு மண்ணுக்குள் உறங்கப் போய்விடும். செத்துவிட்டது என்று நினைத்துத் தோண்டி எறிபவர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. இடத்தில் ஒரு குச்சி நட்டு வையுங்கள். கோடையில் மண் முற்றிலும் காய்ந்துவிடாமல் லேசாக நீர் விட்டுவாருங்கள். பக்கத்தில் பின்னால் தழைக்கும் செடி ஒன்றை வைத்தால் வெற்றிடம் தெரியாது.

கிரெமாந்தோடியம் கோடையில் உருகுகிறது

இமயமலையிலும் மேற்குச் சீன மலைகளிலும் 3000 மீட்டருக்கு மேல் வாழும் செடி இது. பூவைத் தலைகவிழ்த்து வைத்துக்கொள்ளும், மழை மகரந்தத்தைக் கழுவிவிடாமல் இருக்க அது உதவுகிறது. இதை வளர்ப்பது கடினம், அதை மறைப்பதில் பயனில்லை. உயரம் 1000 மீட்டர் ஏறும்போது காற்றின் வெப்பம் ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும். அந்த உயரத்தின் குளிர்ந்த இரவுக்குப் பழகிய செடியால், வெதுவெதுப்பான இரவில் பகலில் சேர்த்த உணவைச் செலவழிப்பதை நிறுத்த முடியாது. எவ்வளவு நிழல் கொடுத்தாலும் நாளுக்கு நாள் மெலியும்.

இரவிலும் வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்காத இடத்தில் இருப்பவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். எல்லைக்கோட்டில் இருப்பவர்கள் சுட்டமண் தொட்டியில் வைத்து, அந்தத் தொட்டியை ஈரமணல் படுகையில் விளிம்புவரை புதைத்துப் பாருங்கள். மணலின் ஈரம் ஆவியாகும்போது வேர்ப்பகுதி குளிரும். குளிர்காலத்தில் சிக்கல் தலைகீழாகிறது. மலையில் பனிப்போர்வைக்குக் கீழே ஈரமில்லாமல் உறங்கிய செடிக்கு மழை நனைந்த குளிர்காலம் அழுகலைக் கொண்டுவரும். மேலே ஒரு கண்ணாடித் தகடு சாய்த்து வைத்து மழையைத் தடுங்கள், பக்கங்களில் காற்று போகட்டும்.

விதை முளைக்கவில்லை

பெரும்பாலும் விதை பழையதாக இருக்கும். பஞ்சுக் குடுமியோடு பறக்கும் இந்த விதைகள் புதிதாக இருக்கும்போதுதான் நன்றாக முளைக்கும். விரலால் அழுத்திப் பாருங்கள், உள்ளே பருப்பு இல்லாமல் சப்பையாக இருந்தால் அது பதர். நல்ல விதையை ஈரமான தேங்காய் நார்த்தூளோடு பையில் போட்டுக் குளிர்பதனப் பெட்டியில் 4 டிகிரி அளவில் நான்கு முதல் ஆறு வாரம் வைத்துவிட்டு மேலாக விதையுங்கள். மிக மெல்லியதாக மூடினால் போதும். முளைத்த நாற்று அடித்தண்டு சுருங்கிச் சாய்ந்தால் நாற்றழுகல், அடர்த்தியாக விதைத்ததும் காற்றோட்டம் இல்லாததும்தான் காரணம். கருநிற வகைகளின் விதையில் நிறம் கலந்து வரும், கருமையாக வருபவற்றை மட்டும் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கு பார்த்தாலும் அதுவே முளைக்கிறது

பெட்டசைட்டீஸ் ஜப்பானிக்கஸ். குளிர்காலக் கடைசியில் இலைக்கு முன்பே பூக்கும், பிறகு ஒரு மீட்டர் அகலம்வரைகூட இலை விரிக்கும் அற்புதமான செடி, ஆனால் மண்ணுக்கடியில் வேர்த்தண்டை ஓட்டிக்கொண்டே போகும். விரல் நீளத் துண்டு மிஞ்சினாலும் மறுபடி முளைக்கும். உழுது அழிக்கப் பார்த்தால் பெருக்கிவிடுவீர்கள். வளர்வதை எல்லாம் மண்மட்டத்தில் தொடர்ந்து வெட்டிவந்தால் இரண்டு மூன்று பருவங்களில் வேர்த்தண்டின் சேமிப்பு தீர்ந்துவிடும். புதிதாக நடுபவர்கள் அடியில் துளையுள்ள பெரிய தொட்டியில் வையுங்கள், அந்தத் துளை வழியாக வேர் வெளியேறுகிறதா என்று ஆண்டுக்கு ஒருமுறை தூக்கிப் பாருங்கள். வெட்டிய இலைகளை ஆடு மாடுகளுக்குப் போடாதீர்கள். பெட்டசைட்டீஸ், லிகுலேரியா, ஃபார்ஃபூஜியம் ஆகியவற்றில் ஈரலைக் கெடுக்கும் பைரோலிசிடின் வகை நச்சு உண்டு. இலைகளை மட்குக் குழியில் போடலாம், வேர்த்தண்டை மட்டும் வெயிலில் முறுமுறுவென்று காயவைத்த பிறகு போடுங்கள்.